சர்வரில் 'எஃப்எஸ்டேப்' அழிந்துவிட்டால் என்ன ஆகும்? ரீபூட் செய்வதற்கு முன் மீட்பது எப்படி?

இரவு பதினொன்றரை மணி. ஒரு லினக்ஸ் சர்வரில் புதிதாக ஒரு டிஸ்க் சேர்க்கும் வேலை. அந்த டிஸ்க்குக்கான ஒரே ஒரு வரியை, ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபைலின் கடைசியில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். இளைய நிர்வாகி கட்டளையைத் தட்டுகிறார். >> என்று இரண்டு குறி போட வேண்டிய இடத்தில் > என்று ஒன்றே ஒன்று விழுந்துவிடுகிறது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சர்வர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பழைய வரிகள் ஒன்றுகூட இல்லை. புதிதாகத் தட்டிய வரி மட்டும் தனியாக நிற்கிறது.

"அண்ணா, எஃப்எஸ்டேப்ல இருந்ததெல்லாம் போயிடுச்சு. மெஷின் என்னமோ நல்லாத்தான் ஓடுது. ஒருதடவை ரீபூட் பண்ணிப் பாக்கட்டுமா?"

"தம்பி, எதையும் தொடாத. ரீபூட் மட்டும் பண்ணிடாத. இப்ப எப்படி இருக்கோ அப்படியே விடு, நான் லாகின் பண்றேன்."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் சர்வர் பராமரிப்பில் சில வருடங்கள் இருந்த யாரிடம் சொன்னாலும், கதையின் மீதியை அவரே சொல்லிவிடுவார். தவறு நடக்கும் வழிதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு அந்த ஒற்றைக் குறி. இன்னொருவருக்கு, டிஸ்க் நிரம்பியிருந்த நேரத்தில் ஃபைலைச் சேமிக்கப்போய் அது பூஜ்ஜியம் பைட்டாகிவிட்டது. மற்றொருவருக்கு, நூறு சர்வர்களுக்கு ஒரே நேரத்தில் அமைப்புகளை அனுப்பும் தானியங்கிக் கருவி, தவறான டெம்ப்ளேட்டை எடுத்து எழுதிவிட்டது.

அந்த மூத்த நிர்வாகி "ரீபூட் மட்டும் பண்ணிடாத" என்று ஏன் பதறினார்? அதைப் புரிந்துகொள்ள, அந்த ஃபைல் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

எஃப்எஸ்டேப் என்றால் என்ன?

விண்டோஸில் ஒவ்வொரு டிஸ்க்கும் 'சி டிரைவ்', 'டி டிரைவ்' என்று தனித்தனியாகத் தெரியும். யூனிக்ஸ் குடும்பத்தில் அப்படிக் கிடையாது. எத்தனை டிஸ்க் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே மரம்தான். '/' என்ற ஒற்றைக் கோடுதான் அதன் வேர். மற்ற டிஸ்க்குகளை எல்லாம் அந்த மரத்தில் ஏதாவது ஒரு ஃபோல்டரில் கொண்டுவந்து பொருத்த வேண்டும். இதற்குப் பெயர்தான் மவுண்ட். 1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் வெளியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இந்தக் கட்டளை இருக்கிறது.

எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் பொருத்துவது என்று சர்வருக்கு யார் சொல்வது? அதற்கான பட்டியல்தான் 'இடிசி' ஃபோல்டருக்குள் இருக்கும் எஃப்எஸ்டேப். 'ஃபைல் சிஸ்டம் டேபிள்' என்பதன் சுருக்கம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான 4.0 பிஎஸ்டி பதிப்பில் இந்த வடிவம் வந்தது. சோலாரிஸில் இதன் பெயர் 'விஎஃப்எஸ்டேப்'. ஐபிஎம்-மின் ஏஐஎக்ஸில் 'ஃபைல்சிஸ்டம்ஸ்'. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

ஒரு வரிக்கு ஆறு பத்திகள். எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், என்ன வகை ஃபைல்சிஸ்டம், என்னென்ன நிபந்தனைகள் என்பது முதல் நான்கு. ஐந்தாவது, பழைய 'டம்ப்' பேக்கப் கருவிக்கானது. இப்போது பெரும்பாலும் பூஜ்ஜியம்தான். ஆறாவது, பூட் ஆகும்போது பழுது பார்க்கும் வரிசை. ரூட்டுக்கு 1, மற்றவற்றுக்கு 2, பார்க்கவே வேண்டாம் என்றால் 0. ஒரு சாதாரண சர்வரில் மொத்தமே ஐந்து முதல் பத்து வரிகள்தான் இருக்கும். சின்ன ஃபைல். அதனால்தானோ என்னவோ, பல இடங்களில் இதற்கென்று தனியாக நகல் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஃபைல் அழிந்தும் சர்வர் ஓடுவது எப்படி?

மளிகைச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டைப் பார்த்துச் சாமான் வாங்கி, வீட்டில் டப்பாக்களில் கொட்டியாகிவிட்டது. அதன்பின் சீட்டு தொலைந்தால் டப்பாவில் இருக்கும் பருப்பு மறைந்துவிடாது. அடுத்த மாதம் கடைக்குப் போகும்போதுதான் திண்டாட்டம்.

எஃப்எஸ்டேப்பும் அப்படித்தான். சர்வர் பூட் ஆகும்போது அது படிக்கப்படுகிறது. அதில் சொன்னபடி டிஸ்க்குகள் மவுண்ட் ஆகின்றன. அதற்குப் பிறகு எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவில்தான் இருக்கிறது. ஃபைலை அழித்தால் கெர்னல் கண்டுகொள்ளாது. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ரீபூட் ஆகாத சர்வர்களில், எஃப்எஸ்டேப் என்றோ காலியாகியிருந்தும் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

ரீபூட் செய்தால் என்ன நடக்கும்?

சர்வர் ஒரேயடியாகப் படுத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. அரைகுறையாக எழுந்து நிற்பதுதான் ஆபத்து.

'/' எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதை லினக்ஸ் கெர்னலுக்கு எஃப்எஸ்டேப் சொல்வதில்லை; பூட்லோடர் சொல்கிறது. அதனால் மரத்தின் வேர் மட்டும் வந்துவிடும். அதுவும் பல சர்வர்களில் 'படிக்க மட்டும்' என்ற நிலையிலேயே நின்றுவிடும். மற்ற டிஸ்க்குகள் எதுவும் வராது. ஆனால் அவை பொருத்தப்படும் ஃபோல்டர்கள் அப்படியே இருக்கும், காலியாக.

இங்கேதான் விபரீதம் ஆரம்பிக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருள் தன் ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறது. ஒன்றுமே இல்லை. ஒழுங்கான மென்பொருள் 'டேட்டாவைக் காணோம்' என்று கத்திவிட்டு நின்றுவிடும். ஆனால் டாக்கரில் ஓடும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றின் அதிகாரபூர்வ இமேஜ்கள், ஃபோல்டர் காலியாக இருந்தால் 'புது இடம் போல' என்று எடுத்துக்கொண்டு புத்தம்புதிய டேட்டாபேஸை உருவாக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சர்வர் நன்றாக இருக்கிறது. உள்ளே வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. டிஸ்க்கையே நேரடியாக டேட்டா ஃபோல்டராக வைக்காதீர்கள், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் உருவாக்கி வையுங்கள் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணங்கள் சொல்வதற்கு இந்த வகை விபத்தும் ஒரு காரணம்.

பேக்கப் விஷயம் இன்னும் மோசம். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால், இரவு பேக்கப் முழுவதும் ரூட் டிஸ்க்கில் போய் விழும். விடிவதற்குள் அது நிரம்பிவிடும். நேர்மாறாக, மூலமாக இருக்கும் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போனால்? 'ஆர்சிங்க்' கருவியை 'டெலீட்' வசதியோடு ஓட்டுபவர்கள் ஏராளம். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடு என்று பொருள். மூல ஃபோல்டர் காலி. கருவி சொன்னதைச் செய்யும். நல்ல டேட்டா மவுண்ட் ஆகாத டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்போதே, அதன் பேக்கப் துடைத்தெறியப்படும்.

சத்தமில்லாத இழப்புகளும் உண்டு. ஸ்வாப் வரி போய்விட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மெமரி நெருக்கடி வரும் நாளில் கெர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். 'பூட்' பகுதி மவுண்ட் ஆகாமல் இருந்தால், கெர்னல் அப்டேட்டுகள் ரூட் டிஸ்க்கில் இருக்கும் வெற்று ஃபோல்டருக்குள் போய்ச் சேரும். பூட்லோடரோ உண்மையான பூட் பகுதியில் உள்ள பழைய கெர்னலையே எடுத்துக்கொண்டிருக்கும். அப்டேட் போட்டாயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கிருந்து மீட்பது?

முதல் வேலை, தானாக ஓடும் பேக்கப் வேலைகளை நிறுத்துவது. அடுத்தது, நினைவில் இருப்பதை எல்லாம் வேறு ஒரு மெஷினுக்கு நகலெடுப்பது. இந்த நகல் அதே சர்வரில் இருந்து பிரயோஜனம் இல்லை.

கெர்னல் தன் கணக்கை 'ப்ராக்' என்ற ஃபோல்டருக்குள் 'மவுண்ட்ஸ்' என்ற பெயரில் காட்டும். இது டிஸ்க்கில் உள்ள ஃபைல் கிடையாது. படிக்கும் நொடியில் கெர்னல் எழுதிக்காட்டும் பதில். ஸ்வாப்புக்கு அதன் பக்கத்திலேயே 'ஸ்வாப்ஸ்'. எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், என்ன வகை, என்ன நிபந்தனைகள் என்ற நான்கும் இங்கே கிடைத்துவிடும். பாதுகாப்புக்காகப் போட்டிருந்த 'நோஎக்ஸெக்', 'நோசூயிட்' போன்றவையும் தெரியும்.

பட்டியலைப் பார்த்ததும் "அப்படியே காப்பி பண்ணி எஃப்எஸ்டேப்ல போட்டுடலாமே" என்று கை அரிக்கும். செய்யக் கூடாது. டாக்கர் ஓடும் சர்வரில் இந்தப் பட்டியல் நூறு வரியைத் தாண்டும். அதில் பெரும்பாலானவை கெர்னலும் கன்டெய்னர்களும் தாமாக உருவாக்கிக்கொள்பவை. எஃப்எஸ்டேப்பில் அவற்றுக்கு வேலையே இல்லை. உண்மையான டிஸ்க்குகளையும் நெட்வொர்க் ஃபோல்டர்களையும் மட்டும் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று, கெர்னலுக்குத் தெரியாத விஷயங்கள் இந்தப் பட்டியலில் இருக்காது. 'நோஃபெயில்' என்ற நிபந்தனை அதற்கு நல்ல உதாரணம். இந்த டிஸ்க் வராவிட்டாலும் பூட் நிற்க வேண்டாம் என்பது அதன் பொருள். அது கெர்னலுக்கான செய்தி அல்ல, பூட் வேலையைப் பார்க்கும் மென்பொருளுக்கானது. 'நெட்வொர்க் வந்த பிறகு மவுண்ட் செய்' என்று சொல்லும் 'நெட்டெவ்' குறிப்பும் அப்படியே. ஐஸ்கஸி டிஸ்க்குகளுக்கு இந்தக் குறிப்பு விட்டுப்போனால், நெட்வொர்க் எழுவதற்கு முன்பே டிஸ்க்கைத் தேடிச் சர்வர் காத்து நிற்கும். விண்டோஸ் ஷேர்களை மவுண்ட் செய்திருந்தால், பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலின் இடமும் தெரியாது. தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் செய்யும் 'நோஆட்டோ' டிஸ்க்குகளோ பட்டியலிலேயே வராது.

பலரும் மறக்கும் இரண்டாவது நகல்

இன்றைய லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலானவை பூட் வேலையை 'சிஸ்டம்டி' என்ற மென்பொருளிடம் விட்டிருக்கின்றன. அது எஃப்எஸ்டேப்பை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. பூட் ஆகும்போது அதைப் படித்து, வரிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஃபைல்களாக மாற்றிக்கொள்கிறது. இவை 'ரன்' ஃபோல்டருக்குள், 'சிஸ்டம்டி' என்பதன் கீழ், 'ஜெனரேட்டர்' என்ற இடத்தில் இருக்கும். எந்த டிஸ்க், எங்கே, என்ன வகை, என்ன நிபந்தனை எல்லாம் ஒவ்வொன்றிலும் தெளிவாக எழுதியிருக்கும். நோஆட்டோ வரிகளுக்கும் இங்கே ஃபைல் உண்டு. எதற்கு நோஃபெயில் போட்டிருந்தது என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். கட்டாயம் வந்தே ஆக வேண்டியவை 'ரிக்வயர்ஸ்' என்று முடியும் ஃபோல்டரிலும், வராவிட்டாலும் பரவாயில்லை என்பவை 'வான்ட்ஸ்' என்று முடியும் ஃபோல்டரிலும் இணைக்கப்பட்டிருக்கும். தொலைந்த ஃபைலுக்கு இதைவிட நெருக்கமான நகல் அந்தச் சர்வரில் வேறு இல்லை.

ஆனால் இதற்கு ஆயுள் குறைவு. ரீபூட் ஆனால் போய்விடும், ஏனென்றால் 'ரன்' ஃபோல்டர் இருப்பது மெமரியில். 'டீமன்-ரீலோட்' என்ற கட்டளையைக் கொடுத்தாலும் போய்விடும். அந்தக் கட்டளை பழையதை எல்லாம் துடைத்துவிட்டு, காலியான எஃப்எஸ்டேப்பைப் படித்துப் புதிதாக எழுதும். கொடுமை என்னவென்றால், சமீபத்திய பதிப்புகளில் எஃப்எஸ்டேப் மாறியிருக்கும்போது மவுண்ட் கட்டளையை ஓட்டினால், 'ஃபைல் மாறியிருக்கிறது, டீமன்-ரீலோட் கொடுங்கள்' என்று அதுவே ஒரு குறிப்பைக் காட்டும். மற்ற நாட்களில் நல்ல ஆலோசனை. இந்த ஒரு நாளில், இருக்கிற ஒரே சாட்சியை அழிக்கச் சொல்லும் ஆலோசனை. 'ஏதாவது கருவி இன்ஸ்டால் செய்து பார்ப்போம்' என்று தொடங்குவதும் தப்பு. பல பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும்போது இதே கட்டளையைத் தாமாக ஓட்டிவிடும். "எதையும் தொடாத" என்று அந்த மூத்தவர் சொன்னதில் இதுவும் அடக்கம்.

டிஸ்க்கின் பெயரை நம்பலாமா?

நம்பக் கூடாது. கெர்னலின் பட்டியலில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்க்குகளின் பெயர் வரும். கண்டுபிடிக்கப்படும் வரிசையில் கெர்னல் அப்போதைக்கு வைக்கும் பெயர் அது. அடுத்த பூட்டில் வரிசை மாறினால் எஸ்டிபி, எஸ்டிசி ஆகிவிடும். மீட்டெடுத்த எஃப்எஸ்டேப்பில் இந்தப் பெயர்களை எழுதினால், ஒருநாள் டேட்டாபேஸ் ஃபோல்டரில் பேக்கப் டிஸ்க் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதற்குப் பதிலாக யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண்ணைப் பயன்படுத்த வேண்டும். ஃபைல்சிஸ்டம் உருவாக்கப்படும்போதே அதற்குள் எழுதப்படும் எண் இது. 'பிளாக்-ஐடி' கட்டளை ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இதைக் காட்டும். எல்விஎம் முறையில் பிரித்த டிஸ்க்குகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றின் பெயர்கள் நிலையானவை. ஒரு டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து அதே மெஷினில் மாட்டியிருந்தால் மட்டும் கவனம் தேவை. இரண்டுக்கும் ஒரே எண்தான் இருக்கும்.

ஏற்கெனவே ரீபூட் ஆகிவிட்டால்?

சிரமம்தான், ஆனால் எல்லாம் போய்விடவில்லை. கெர்னலின் நினைவும் சிஸ்டம்டியின் நகலும் அழிந்திருக்கும். மிச்சம் இருப்பது டிஸ்க்குகள் மட்டும். அதில் ஒரு நல்ல செய்தி: எக்ஸ்ட்4 வகை ஃபைல்சிஸ்டம், தான் கடைசியாக எந்த ஃபோல்டரில் மவுண்ட் ஆகியிருந்தது என்பதைத் தன் தலைப்பகுதியில் குறித்து வைத்திருக்கும். 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையில் சிறிய 'எல்' போட்டால், 'லாஸ்ட் மவுண்டட் ஆன்' என்ற வரியில் அது தெரியும். எந்த டிஸ்க் எங்கே இருந்தது என்ற புதிரில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கும் ஒரு பொறி இருக்கிறது. 'இந்த டிஸ்க்ல என்ன இருக்குன்னு பாப்போம்' என்று அதை வேறு ஒரு தற்காலிக ஃபோல்டரில் மவுண்ட் செய்து ஒரு ஃபைலைத் திறந்தால் போதும், அந்தக் குறிப்பு மாறிவிடும். அதனால் முதலில் குறிப்பைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு மவுண்ட் செய்ய வேண்டும். அதுவும் 'படிக்க மட்டும்' என்ற நிலையில். எக்ஸ்எஃப்எஸ் வகைக்கு இந்த வசதி கிடையாது. உள்ளே இருக்கும் ஃபோல்டர்களைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

மற்ற தடயங்களும் உதவும். முந்தைய பூட்டின் பதிவேடு டிஸ்க்கில் சேமிக்கப்பட்டிருந்தால், எந்தெந்த ஃபோல்டர் மவுண்ட் ஆனது என்று அதில் இருக்கும். டேட்டாபேஸின் அமைப்பு ஃபைலில் டேட்டா ஃபோல்டரின் பாதை இருக்கும். ப்ரோமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவி இருந்தால், டிஸ்க் பெயர், வகை, ஃபோல்டர் மூன்றும் அதன் பழைய அளவீடுகளிலேயே கிடைக்கும். இதைச் சர்வருக்கு வெளியே இருந்தே எடுத்துவிடலாம். 'இடிசி' ஃபோல்டரையே கிட்டில் வைத்துக்கொள்ளும் 'இடிசி-கீப்பர்' கருவியை எப்போதோ போட்டிருந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி தேவையே இல்லை.

ஏஐஎக்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். ஒவ்வொரு லாஜிக்கல் வால்யூமும் தான் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்ற குறிப்பைத் தன்னிடமே வைத்திருக்கும். வால்யூம் குரூப்பை இம்போர்ட் செய்யும்போது, அதை வைத்து ஃபைல்சிஸ்டம்ஸ் ஃபைலின் வரிகள் திரும்ப எழுதப்படும்.

எழுதிய பிறகு எப்படிச் சோதிப்பது?

ரூட் 'படிக்க மட்டும்' என்று நின்றிருந்தால், 'எழுதவும்' என்று ரீமவுண்ட் செய்த பிறகுதான் ஃபைலைச் சேமிக்க முடியும். எழுதி முடித்ததும் 'ஃபைண்ட்-மவுண்ட்' கட்டளையை 'வெரிஃபை' வசதியோடு ஓட்டலாம். எழுத்துப் பிழை, இல்லாத ஃபோல்டர், இல்லாத டிஸ்க் எல்லாவற்றையும் அது சுட்டிக்காட்டும். அதில் தவறில்லை என்று வந்த பிறகுதான் டீமன்-ரீலோட். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மவுண்ட் செய்யச் சொல்லும் 'மவுண்ட் -ஏ'.

'மவுண்ட் -ஏ' சத்தமில்லாமல் முடிந்தால் பலர் நிம்மதி அடைந்துவிடுவார்கள். ஆனால் ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருப்பதை அது தொடுவதே இல்லை. அந்த வரிகளில் பிழை இருந்தாலும் சொல்லாது. ஸ்வாப்பையும் அது பார்க்காது. அதற்குத் தனிக் கட்டளை. ஆகவே கடைசிச் சோதனை ரீபூட்தான். முதலில் செய்யவே கூடாது என்ற அதே ரீபூட், இப்போது வேலை முடிந்ததும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டியதாகிறது. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மின்தடை வரும் நாளில், இன்றைக்கு என்ன எழுதினோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ரீபூட்டுக்கு முன் கன்சோல் கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு எண் தவறினாலும், காணாத டிஸ்க்குக்காகச் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடிகள் காத்திருக்கும். பிறகு 'எமர்ஜென்சி மோட்' என்று ரூட் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். நெட்வொர்க் வழியாக உள்ளே வர முடியாது. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும் சில சர்வர்களில் கன்சோலிலும் உள்ளே விடாது. கிளவுடில் இருக்கும் சர்வர் என்றால் சீரியல் கன்சோல், அது இல்லையென்றால் ரூட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டி ஃபைலைத் திருத்துவது. சர்வர் எழ அவசியமில்லாத டிஸ்க்குகளுக்கு நோஃபெயில் போட்டிருந்தால் இந்த இடத்துக்கே வந்திருக்காது. டேட்டாபேஸ் டிஸ்க்குக்கு அதைப் போடலாமா என்பதில் நிர்வாகிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரைகுறையாக எழுவதைவிட எழாமலே நிற்பது மேல் என்பவர்கள் போட மாட்டார்கள். மேலே சொன்ன காலி டேட்டாபேஸ் கதையை ஒருமுறை அனுபவித்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்சிதான்.

அவர்கள் செய்யும் இன்னொரு சிறு வேலையும் உண்டு. டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருக்கும் நேரத்தில், அந்த வெற்று ஃபோல்டருக்கு 'சேட்டர்' கட்டளையால் 'மாற்ற முடியாது' என்ற பூட்டைப் போட்டுவிடுவார்கள். டிஸ்க் மேலே வந்து அமர்ந்த பிறகு அந்தப் பூட்டு குறுக்கே நிற்காது. டிஸ்க் வராத நாளில் மட்டும், எந்த மென்பொருள் வந்து எழுத முயன்றாலும், ரூட் உரிமையோடு வந்தாலும், அனுமதி இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும்.